காரில்லாமல் கடைக்குப் போக முடியுமா? புது நகரம், பழைய நகரம், நம் ஊர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குமரி மாவட்டம் நாகர்கோவிலில், கோட்டாற்றில் பிறந்து வளர்ந்தவன் நான். துபாய் தேராவில் பதினோரு வருஷம் கணக்கெழுதினேன். தங்கை அமெரிக்காவில், ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டி என்ற ஊரில் இருக்கிறாள். மாமா வீடு திருவனந்தபுரத்தில், சாலைக் கடைத்தெருவை ஒட்டி. நாலு ஊரையும் பார்த்தவன் என்பதால், எங்கள் மாவட்டத்து நாலுவழிச்சாலைப் பேச்சு வந்தாலே டீக்கடையிலும் கல்யாணப் பந்தியிலும் என்னைப் பிடித்துக்கொள்வார்கள். திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளையும் நான் சொல்கிற பதில்களையும் எழுதி வைத்துவிட்டால் தொண்டைத் தண்ணீர் மிச்சமாகுமே என்றுதான் இது.

காரை நம்பிய நகரம் என்றால் என்ன? கார் அதிகம் ஓடுகிற ஊரா?

இல்லை. டோக்கியோவில் கார்கள் லட்சக்கணக்கில் ஓடுகின்றன. ஆனாலும் கார் ஓட்டத் தெரியாத ஒருவர் அங்கே படித்து, வேலை பார்த்து, ஓய்வும் பெற்றுவிடலாம். எத்தனை கார் என்று எண்ணுவதில் பலனில்லை. பன்னிரண்டு வயதுப் பையனோ எழுபது வயதுப் பாட்டியோ யார் கையையும் எதிர்பாராமல் ஒரு நாளைக் கழிக்க முடிகிறதா என்று பாருங்கள்.

தங்கையின் பிரசவத்துக்காக அம்மா ஆறு மாசம் கேட்டியில் இருந்தார்கள். கோட்டாற்றில் அம்மாவின் காலை இப்படி: தெருமுக்குப் பிள்ளையார், திரும்பும் வழியில் பூ, சந்தையில் கீரை, மருந்துக்கடை, நடுவில் நாலு பேரிடம் ஊர் வம்பு. எல்லாம் நடந்தே. அப்போது வயது அறுபத்தெட்டு. கேட்டியில் வீடு பெரிசு. முன்னால் புல்வெளி, பின்னால் புல்வெளி. ஆனால் ஒரு பால் பாக்கெட் வாங்க மகளோ மருமகனோ வண்டியை எடுக்க வேண்டும். மூன்றாவது வாரம் போனில் சொன்னார்கள்: "தெருவுல ஒரு ஆளையும் காணல்ல மக்கா. நாய் கூட கார்லதான் போவுது."

ஊர் பெருத்தால் அப்படித்தானே ஆகும்?

ஆக வேண்டியதில்லை. நகர ஆய்வாளர் அலன் பெர்ட்டோ எடுத்துக்காட்டிய ஒரு ஒப்பீடு இதற்குப் பிரபலம். 1990 வாக்கில் அமெரிக்காவின் அட்லாண்டாவில் 25 லட்சம் பேர். ஸ்பெயினின் பார்சலோனாவில் 28 லட்சம் பேர். ஆள் கணக்கில் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் அட்லாண்டா பரந்திருந்தது 4,280 சதுர கிலோமீட்டரில். பார்சலோனா 162 சதுர கிலோமீட்டருக்குள் அடங்கியது. அட்லாண்டாவின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு 137 கி.மீ. பார்சலோனாவில் 37 கி.மீ. நம் கணக்கில் சொன்னால், ஒன்று நாகர்கோவிலிலிருந்து கிட்டத்தட்ட கொல்லம், மற்றது ஏறக்குறைய களியக்காவிளை.

அப்போது பார்சலோனா மெட்ரோவின் நீளம் 99 கி.மீ.தான். அதை வைத்தே மக்களில் பத்துக்கு ஆறு பேரின் வீடு ஸ்டேஷனிலிருந்து 600 மீட்டருக்குள் வந்துவிட்டது. அதே வசதியை அட்லாண்டாவில் கொடுக்க வேண்டுமென்றால் 3,400 கி.மீ. தண்டவாளமும் 2,800 ஸ்டேஷனும் போட வேண்டும் என்று அவர் கணக்குப் போட்டார். எந்த அரசாங்கத்தாலும் ஆகாத காரியம். "முதலில் பரந்து கட்டிக்கொள்வோம், மெட்ரோவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்கிறவர்களுக்கு இந்தக் கணக்கைத்தான் சொல்வேன்.

அப்படியானால் ஜனநெருக்கம் இருந்தால் போதுமா? குமரி மாவட்டத்தில் அதற்கு ஒரு குறையும் இல்லையே?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும்.

2011 கணக்கெடுப்பில் குமரி மாவட்டத்தில் 18.7 லட்சம் பேர். சதுர கிலோமீட்டருக்கு 1,100க்கு மேல். பக்கத்துத் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1,500க்கு மேல். மேலே சொன்ன அட்லாண்டாவைக் கணக்குப் போட்டால் 600கூட வராது. அதாவது மலை, காடு, குளம், ரப்பர் தோட்டம், வயல் எல்லாவற்றையும் சேர்த்தும் நம் மாவட்டம் ஒரு அமெரிக்கப் பெருநகரத்தைப்போல் கிட்டத்தட்ட இரு மடங்கு நெருக்கம். அப்படியிருந்தும் பைக் இல்லாத வீட்டில் பெண் கொடுக்க யோசிக்கிறார்கள். ஏன்?

வீடுகள் கிடக்கிற விதம்தான் காரணம். மாவட்டத்தின் கிழக்கே தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம் பாருங்கள். நாஞ்சில் நாட்டு ஊர் என்றால் நடுவில் கோவில், சுற்றித் தெரு, தெருவில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், ஊர் முடிகிற இடத்தில் குளம், அதற்கப்பால் வயல். ஊர் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று விரல் வைத்துக் காட்டலாம். மேற்கே கல்குளம், விளவங்கோடு பக்கம் போனால் கதையே வேறு. எங்கே வெட்டினாலும் கிணற்றில் தண்ணீர் கிடைத்த பூமி. ஆகவே அவனவன் விளையில், அதாவது தோட்டத்தில், அவனவன் வீடு. சுற்றித் தென்னை, பலா, ஒரு பசு. ஊர்ப் பெயர்களே பாதி 'விளை' என்றுதான் முடியும். எல்லை தாண்டினால் கேரளம் முழுக்க இதே அமைப்பு. ஒரு ஊர் முடிந்து அடுத்த ஊர் தொடங்குகிற இடம் தெரியாது. நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் வரைக்கும் பஸ்ஸில் இரவில் வந்தால் விளக்கு அணைந்த இடம் என்று ஒன்று அபூர்வம்.

ஆள் நிறைய, ஆனால் பத்து சென்டுக்கு ஒரு குடும்பம் என்று இறைந்து கிடக்கிறார்கள். கடையோ பள்ளிக்கூடமோ நடந்து போகிற ஆட்களை நம்பி விளைக்குள் பிழைக்க முடியாது. எல்லாம் முக்குக்கும் ஜங்ஷனுக்கும் வந்துவிடுகின்றன. முன்னால் இதைச் சமாளித்தது பஸ். ரோடு ஒரு நூல், ஜங்ஷன்கள் மணிகள் என்று கோத்த மாதிரி இருந்ததால், ஒரே தடத்தில் ஓடுகிற பஸ்ஸே பாதி ஜில்லாவைத் தூக்கிவிடும். வீட்டிலிருந்து இறங்கி ரோட்டுக்கு நடந்தால் ஏதாவது ஒரு வண்டி வரும். இப்போது கல்ஃப் பணமும் வங்கிக் கடனும் சேர்ந்து ஒவ்வொரு வாசலிலும் பைக்கையும் காரையும் நிறுத்திவிட்டன. வீடுகள் ரோட்டை விட்டு இன்னும் உள்ளே தள்ளிப் போகின்றன. பஸ்ஸுக்காகக் காத்திருப்பவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் பெண்களும் வயசாளிகளும்தான்.

ஆகவே நாம் பழைய நகரமும் இல்லை, அமெரிக்கப் புறநகரமும் இல்லை. நெருக்கத்தின் இடைஞ்சல் முழுசாக நமக்கு உண்டு. நெருக்கத்தின் சௌகரியம் பாதிதான் உண்டு.

அமெரிக்காவில் இடம் கிடந்தது, பரந்து கட்டினார்கள். அவ்வளவுதானே?

இடம் 1900இலும் கிடந்தது. அப்போது பரந்து கட்டவில்லை. லாஸ் ஏஞ்சலஸ் என்றால் இன்று கார்தான் நினைவுக்கு வரும். அங்கே ஒரு காலத்தில் 'பசிபிக் எலக்ட்ரிக்' கம்பெனியின் சிவப்பு மின்வண்டிகள் 1,600 கி.மீ.க்கு மேற்பட்ட தடத்தில் ஓடின. கடைசி வண்டி நின்றது 1961இல்.

நடுவில் நடந்தவை சட்டமும் கடனும். வீடு ஒரு பகுதி, கடை ஒரு பகுதி என்று பிரித்து வைக்க ஊராட்சிகளுக்கு உரிமை உண்டு என்று 1926இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1934இல் வீட்டுக் கடனுக்கு மத்திய அரசு உத்தரவாதம் கொடுக்கத் தொடங்கியது. அது பெரும்பாலும் புறநகர்த் தனி வீடுகளுக்கே போய்ச் சேர்ந்தது. கறுப்பினத்தவர் வாழ்ந்த பகுதிகளை ஆபத்தானவை என்று குறித்து ஒதுக்கிவைத்தார்கள். 1956இல் 41,000 மைல் நெடுஞ்சாலைக்குச் சட்டம் வந்தது. செலவில் நூற்றுக்குத் தொண்ணூறு மத்திய அரசுடையது. (நாம் திருவிதாங்கூரை விட்டுத் தமிழ்நாட்டோடு சேர்ந்ததும் அதே 1956. சம்பந்தம் ஒன்றும் இல்லை. எனக்கு வருஷம் மறக்காமல் இருப்பதற்காகச் சொன்னேன்.)

அதன்மேல் வந்தது பார்க்கிங் விதி. இத்தனை சதுர அடிக் கடைக்கு இத்தனை கார் நிற்கிற இடம் விட்டே ஆக வேண்டும் என்பது. வீட்டையும் கடையையும் பிரித்து வைக்கிற நிலப் பகுப்புச் சட்டமே இல்லாத பெருநகரம் என்று பெயர் வாங்கிய ஹூஸ்டனில்கூட, நகர மையத்துக்கு வெளியே இந்த விதி உண்டு. கடைக்கு முன்னால் காலி மைதானம் வந்தால் அடுத்த கடை தள்ளிப் போகும். தள்ளிப் போனால் நடக்க முடியாது. நடக்க முடியாவிட்டால் கார் வேண்டும். கார் வந்தால் இன்னும் மைதானம் வேண்டும். கோட்டாறு சந்தையில் ஒவ்வொரு கடைக்காரரும் நாலு கார் நிற்க இடம் விட வேண்டும் என்று சட்டம் போட்டால் சந்தையில் எத்தனை கடை மிஞ்சும் என்று நினைத்துப் பாருங்கள்.

ரோட்டை அகலப்படுத்தினால் நெரிசல் குறையுமே?

தங்கை வீட்டுக்குப் பக்கத்திலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. கேட்டி நெடுஞ்சாலையை 2008 வாக்கில் அகலப்படுத்தி முடித்தார்கள். பக்கச் சாலைகளையும் சேர்த்தால் மிக அகலமான இடத்தில் 26 லேன். செலவு 280 கோடி டாலர். சில வருஷங்களிலேயே காலையிலும் மாலையிலும் வண்டிகள் மறுபடியும் ஊர்ந்தன. மைத்துனன் அந்த ரோட்டில்தான் வேலைக்குப் போகிறான். 26 லேனைப் பற்றிப் பெருமை பேசி நான் கேட்டதில்லை.

ரோடு காலியாக இருந்தால், முன்பு "இந்த நெரிசலில் யார் போவது" என்று வீட்டில் இருந்தவர் கிளம்புவார். ஆறு மணிக்கே போய்க்கொண்டிருந்தவர் எட்டு மணிக்குக் கிளம்புவார். இவை சின்ன விஷயம். பெரிய விஷயம், இன்னும் இருபது மைல் தள்ளி மனை மலிவு என்று அங்கே வீடு கட்டப் போகிறவர்கள். ஜில் டுராண்டோன், மாத்யூ டர்னர் என்ற இரு பொருளியலாளர்கள் அமெரிக்க நகரங்களை ஆராய்ந்து 2011இல் எழுதினார்கள்: நகரத்துக்குள் நெடுஞ்சாலை பத்து சதவீதம் கூடினால் வண்டி ஓட்டமும் ஏறக்குறைய பத்து சதவீதம் கூடிவிடுகிறது. இத்தாலியரான செசாரே மார்க்கெட்டி 1994இல் இன்னொன்று சொன்னார்: எந்தக் காலத்திலும் மனிதர்கள் போக்குவரத்துக்கு நாளில் சுமார் ஒரு மணி நேரம்தான் ஒதுக்குகிறார்கள். வேகமான வண்டி கிடைத்தால் அதே ஒரு மணி நேரத்தில் இன்னும் தூரத்துக்குப் போவார்கள்.

துபாய் புது நகரம்தான், மெட்ரோ நன்றாக ஓடுகிறதே?

ஓடுகிறது. 2009 செப்டம்பர் 9இல் திறந்தபோது நான் அங்கே இருந்தேன். ஆனால் துபாய் ஒரு நகரம் இல்லை, இரண்டு. தேராவிலும் பர்துபாயிலும் கடைக்கு மேல் குடியிருப்பு, கீழே ஹோட்டல், பக்கத்தில் மளிகை, முடிவெட்டுகிற கடை, பணம் அனுப்புகிற கடை. க்ரீக் வாய்க்காலைக் கடக்க ஒரு திர்ஹாமுக்கு அப்ரா படகு. பதினோரு வருஷமும் எனக்கு லைசென்ஸ் இல்லை, தேவைப்படவும் இல்லை. நாலு பேர் தங்கின அறையில் எவனிடமும் கார் கிடையாது.

ஷேக் சாயித் ரோட்டுக்கு அந்தப் பக்கம் கட்டின புதுப் பகுதிகளில் ஒரு கட்டடத்திலிருந்து எதிர்க் கட்டடம் கண்ணுக்குத் தெரியும். கால்நடையாகப் போய்ச் சேர முடியாது. பன்னிரண்டு லேன் குறுக்கே. மெட்ரோ ஸ்டேஷனிலிருந்து ஏ.சி. நடைபாலம் போட்டிருப்பதால்தான் பல இடங்களில் பிழைத்தோம். ஜூலை வெயிலில் ஸ்டேஷனை விட்டு அரை கிலோமீட்டர் நடந்தவனுக்குத்தான் தெரியும், நிழல் என்பது எவ்வளவு பெரிய வாகன வசதி என்று.

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் போய்ப் பாருங்கள், மூச்சு முட்டுகிறது. பழைய நகரத்தைப் புகழ்வது வெறும் ஏக்கம்தானே?

பாதி சரி. திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ் காலத்தில், பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் உருவான கடைத்தெரு அது. அப்போது வந்தது மாட்டு வண்டி. இப்போது வருவது லாரி. சரக்கு இறக்குகிற நேரத்தில் நடக்கவே முடியாது. நெருப்புப் பிடித்தால் தீயணைப்பு வண்டி உள்ளே போவது பெரும்பாடு. மழை வந்தால் கிழக்கேகோட்டை, தம்பானூர் வரை தண்ணீர் நிற்கும். மாமா வீட்டு மாடியில் ஒரு ஜன்னல்தான்; திறந்தால் எதிர் வீட்டு அடுக்களை. அத்தை கொதிக்கிற குழம்பின் வாசனையை வைத்தே எதிர் வீட்டில் விருந்தாளி வந்திருக்கிறார்களா என்று சொல்லிவிடுவார்கள். இதெல்லாம் எல்லோருக்கும் பிடிக்காது.

ஆனால் அதே தெருவில் அரை கிலோமீட்டருக்குள் அரிசி, பாத்திரம், பூ, நூல், ஆணி, மருந்து எல்லாம் வாங்கலாம். தமிழிலேயே பேரம் பேசலாம். அகலத்தைப் பொறுத்தவரை, பழைய ஊர் என்றால் குறுகல் என்பதும் சரியில்லை. சுசீந்திரம் ரதவீதியைப் பாருங்கள். தேர் திரும்ப வேண்டும் என்று அளந்து விட்ட தெரு. வருஷத்தில் சில நாள் தேருக்கு, மீதி நாள் முழுக்க மனிதருக்கு. இப்போது அதிலும் கார் நிற்கிறது என்பது வேறு விஷயம்.

ஐரோப்பாக்காரன் சைக்கிள் ஓட்டுவான், அவன் ஊர் அப்படி. நமக்கு ஆகுமா?

அவன் ஊரும் அப்படி இல்லை. 1960களில் ஆம்ஸ்டர்டாமில் காருக்காகக் கட்டடங்களை இடித்துக்கொண்டிருந்தார்கள். 1971இல் நெதர்லாந்தில் சாலை விபத்தில் இறந்தவர்கள் சுமார் 3,300. அதில் 400க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். பெற்றோர் தெருவில் இறங்கினார்கள். 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்பதே அந்த இயக்கத்தின் பெயர். 1973 எண்ணெய் நெருக்கடியில் ஞாயிற்றுக்கிழமை கார் ஓட்டத் தடை வந்தபோது காலி ரோடு எப்படி இருக்கும் என்று ஜனங்கள் கண்ணால் பார்த்தார்கள். பாதை மாறியது அதற்குப் பிறகுதான். வெயில், மேடு பள்ளம் எல்லாம் நமக்கு உண்டு, மறுக்கவில்லை.

திட்டம் போட்டுக் கட்டின சண்டிகர் எப்படி?

ஒழுங்கான ஊர். ஒவ்வொரு செக்டரும் 800க்கு 1,200 மீட்டர்; கடையும் பள்ளியும் உள்ளேயே இருக்கட்டும் என்று கட்டடக் கலைஞர் லெ கார்பூசியே போட்ட திட்டம். செக்டருக்குள் நடக்கலாம். அடுத்த செக்டருக்கு வண்டி.

கார் எதற்கு, பைக் போதுமே?

பைக் குறைந்த இடம் பிடிக்கும், சந்தில் நுழையும். நம் ஊர் நின்றுபோகாமல் இருப்பதே பைக்கால்தான். ஆனால் முன்னே சொன்ன பன்னிரண்டு வயதுப் பையனும் பாட்டியும் அப்படியே ரோட்டோரத்தில் நிற்கிறார்கள். 2021 மே மாதம் முதல் தமிழ்நாட்டின் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றானபோது எங்கள் தெருவில் இரண்டு அக்காமார் புதிதாக வேலைக்குப் போனார்கள். பைக் வாங்கிக் கொடுக்க வீட்டில் யாரும் தயாராக இல்லாதவர்கள். கேரளத்து பஸ்ஸில் ஏறினால் டிக்கெட் உண்டு என்பதால் எல்லையிலுள்ள களியக்காவிளை வரை ஒரு கணக்கு, அதற்கப்புறம் வேறு கணக்கு என்று அவர்கள் சிரிப்பார்கள்.

நாலுவழிச்சாலையே வேண்டாம் என்கிறீர்களா?

இல்லை. தூரப் போகிற லாரி கோட்டாறு வழியாகப் போக வேண்டிய அவசியம் இல்லை. வயலிலும் குளத்திலும் மண் அடித்துப் போட்டதில் எனக்கு வருத்தம் உண்டு. அது தனிக் கதை. என் சண்டை சாலையோடு இல்லை, சாலையோரத்தோடு. பைபாஸ் என்பது ஊரைச் சுற்றிக்கொண்டு போவதற்கு. திறந்த மறுநாளே அதன் ஓரத்தில் துணிக்கடை, மண்டபம், ஆஸ்பத்திரி என்று கட்டினால் ஊரே அங்கே குடிபெயர்ந்துவிடும். திருவனந்தபுரத்தில் கழக்கூட்டம் பைபாஸ் வயலுக்கு நடுவே போன காலம் மாமாவுக்கு நினைவிருக்கிறது. 1990இல் டெக்னோபார்க் வந்தது, பிறகு குடியிருப்புகள், 2021 கடைசியில் ஆக்குளத்தில் பெரிய மால். பைபாஸிலேயே நெரிசல் வந்து, 2022இல் கழக்கூட்டத்தில் அதன் மேலே ஒரு மேம்பாலம் திறந்தார்கள். பைபாஸுக்கு ஒரு பைபாஸ்.

மார்த்தாண்டத்திலும் மேலே பாலம் போகிறது. தூர வண்டிகள் மேலே, தொடுவெட்டிச் சந்தைக்காரர்கள் கீழே. கீழே கிடைத்த இடத்தை நடக்கிறவர்களுக்கும் பஸ்ஸுக்கும் விட்டிருந்தால் நான் கைதட்டியிருப்பேன்.

வீடு வாங்கப் போகிறேன். எங்கே பார்க்கலாம்?

புரோக்கர் காரில் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினால் எல்லா இடமும் 'டவுனுக்குப் பத்து நிமிஷம்'தான். மறுநாள் சாயங்காலம் ஏழு மணிக்குத் தனியாகப் போங்கள். வண்டியை வீட்டில் விட்டுவிட்டு, பஸ்ஸில். இறங்கின இடத்திலிருந்து மனை வரை நடந்து பாருங்கள். தெருவிளக்கு, நாய், ஓடை மூடி மூன்றையும் கவனியுங்கள். அங்கிருந்து நடந்து போய் ஒரு பால் பாக்கெட், ஒரு பாரசிட்டமால் வாங்கிக்கொண்டு இருபது நிமிஷத்துக்குள் திரும்ப முடிகிறதா? முடிந்தால் விலை கொஞ்சம் கூடினாலும் வாங்கலாம். முடியாவிட்டால் மனை விலையோடு இரண்டு பைக், பின்னால் ஒரு கார், அதற்குப் பெட்ரோல் எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள்.

இவ்வளவு பேசுகிற உங்களிடம் கார் உண்டா?

உண்டு. பழைய ஆல்ட்டோ. அம்மாவை ஆஸ்பத்திரிக்கும், தங்கை வந்தால் திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்கும். மீதி நாளெல்லாம் நிற்கும். ஜப்பானில் 1962இல் வந்த சட்டப்படி, நிறுத்த இடம் இருக்கிறது என்று காட்டாமல் கார் வாங்க முடியாது. அது இங்கே இருந்திருந்தால் எனக்குக் கார் கிடைத்திருக்காது. எங்கள் தெருவில் வண்டி நுழையாது. அடுத்த தெருவில் ஒரு பெரியப்பாவின் காலி மனையில் விட்டிருக்கிறேன். அரை சென்ட் பிடிக்கிறது என்று அவர் போன ஓணத்துக்கே சொன்னார். இந்த வருஷம் அங்கே கடை கட்டப் போகிறாராம்.